துளையை எங்கிருந்து அளப்பது?

200 மி.மீ. நீளமும் 120 மி.மீ. உயரமும் உள்ள ஒரு தகடு. நான்கு மூலைகளிலும் எம்10 போல்ட்டுக்காக 11 மி.மீ. துளைகள். இடது விளிம்பிலிருந்து 20, 180, கீழ் விளிம்பிலிருந்து 20, 100, எல்லாவற்றுக்கும் ±0.1. டிப்ளமா மாணவரிலிருந்து இருபது வருட அனுபவமுள்ள டிசைனர் வரை நம்மில் பெரும்பாலோர் டிராயிங்கை இப்படித்தான் போடுகிறோம். பார்த்தால் குறை சொல்ல எதுவும் தெரியாது.

அந்தத் தகட்டின் மூலை சரியாக 90 பாகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 2768 பொது டாலரன்ஸின் நடுத்தர வகுப்பில், 120 மி.மீ. வரையுள்ள பக்கத்துக்கு 20 நிமிடக் கோண விலகல் செல்லும். ஒரு இன்ஸ்பெக்டர் கீழ் விளிம்பை சர்ஃபேஸ் பிளேட்டில் உட்காரவைத்து, ஹைட் கேஜால் வலது கீழ்த் துளையின் உயரத்தை எடுக்கிறார். 20.00 வருகிறது. இன்னொருவர் இடது விளிம்பை ஆங்கிள் பிளேட்டோடு ஒட்டி நிறுத்தி, அதற்கு நேராக அளக்கிறார். அதே துளை 21 மி.மீ.க்கு மேல் காட்டுகிறது. 180 மி.மீ. தூரத்தில் 20 நிமிடம் என்பது 1.05 மி.மீ. டிராயிங் கேட்டது பத்தில் ஒரு பங்கு மி.மீ.; அது இடம் கொடுத்திருப்பதோ ஒரு மி.மீ. வேறுபடும் இரண்டு விடைகளுக்கு. இருவரும் டிராயிங்கை மீறவில்லை. எந்த விளிம்பு முதலில், எது இரண்டாவது என்று டிராயிங் சொல்லவே இல்லை.

துளையின் இடத்தைச் சொல்ல எந்தப் பரப்பை ஆதாரமாக எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்ற கேள்விக்கு இயந்திரத் துறை கடந்த எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பல விடைகளைக் கண்டிருக்கிறது. அவற்றில் எது எங்கே செல்லுபடியாகும் என்று இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அசெம்ப்ளியில் அந்தப் பாகத்தை உண்மையில் பிடித்து நிறுத்தும் பரப்பே டேட்டம். அது எந்த வரிசையில் தொடுகிறதோ அதுதான் டிராயிங்கிலும் வரிசை. இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

பொசிஷன் டாலரன்ஸ் என்ற கருத்தின் தொடக்கம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் பிரிட்டிஷ் கடற்படைக்கு டார்பிடோ செய்த ராயல் டார்பிடோ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் ஸ்டான்லி பார்க்கர். அளவு தப்பியதாக ஒதுக்கப்பட்ட பாகங்கள் அசெம்ப்ளியில் நன்றாகவே பொருந்துவதை அவர் கவனித்தார் என்பது துறையில் வழங்கிவரும் வரலாறு. அவருடைய குறிப்புகள் 1940இல் வெளிவந்தன. 1956இல் ‘டிராயிங்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ்’ என்ற நூலும் வந்தது. ±0.1 என்று இரு திசையிலும் போட்டால் துளையின் மையம் 0.2 மி.மீ. சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். சதுரத்தின் மூலையில், அதாவது மையத்திலிருந்து 0.14 மி.மீ. தள்ளியிருக்கும் துளை பாஸ். அதே 0.14 தூரம் நேர் வலப்பக்கம் தள்ளியிருந்தால் ரிஜெக்ட். போல்ட்டுக்கோ எந்தத் திசையில் தள்ளியிருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் 57 சதவீதம் கூடுதல் பரப்பு கிடைக்கிறது. பொருந்தும் பாகம் ஒன்றுகூட வீணாவதில்லை.

பார்க்கரின் வட்டத்தைப் பாடப்புத்தகங்கள் நன்றாகவே சொல்லித்தருகின்றன. அந்த வட்டத்தின் மையத்தை எங்கிருந்து குறிப்பது என்ற கேள்விக்கு அவற்றில் கிடைக்கும் இடம் குறைவு. பட்டறையில் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பங்கு இரண்டாவது கேள்வியில்தான் பிறந்தது. டாலரன்ஸ் எவ்வளவு என்று வாதாடுகிறார்கள்; எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை.

அடிப்படைக் கணக்கு சிறியது. காற்றில் மிதக்கும் ஒரு பாகத்துக்கு ஆறு அசைவுகள்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் திரும்பலாம். சதுரப் பாகத்தில் முதல் டேட்டம் குறைந்தது மூன்று புள்ளிகளில் தொட்டு மூன்று அசைவுகளை நிறுத்துகிறது. இரண்டாவது டேட்டம் இரண்டு புள்ளிகளில் இரண்டை, மூன்றாவது ஒரு புள்ளியில் கடைசி ஒன்றை. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதற்கு என்ன காரணமோ, முதல் டேட்டத்துக்கு மூன்று புள்ளி என்பதற்கும் அதுதான் காரணம். வரிசை மாறினால் மூன்று புள்ளி கிடைக்கும் பரப்பும் மாறுகிறது. மேலே சொன்ன தகட்டில் ஒரு மி.மீ. வேறுபாடு வந்தது இதனால்தான்.

இனி ஒரு பாகத்தை எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். ஃபிளாஞ்ச் மோட்டார். கோவையிலும் சென்னையிலும் இதைத் தொடாத பட்டறை குறைவு. ஐ.இ.சி. 60072 தரத்தில் எஃப்எஃப்165 என்ற ஃபிளாஞ்ச்: போல்ட் வட்டம் 165 மி.மீ., ஸ்பிகாட் விட்டம் 130 ஜே6, வெளி விட்டம் 200, ஸ்பிகாட்டின் உயரம் 3.5 மி.மீ., எம்10 போல்ட்டுக்கு 12 மி.மீ. அளவில் நான்கு துளைகள். இந்த நான்கு துளைகளுக்கும் எது டேட்டம்?

கியர்பாக்ஸில் மோட்டாரைப் பொருத்தும்போது நடப்பதைக் கவனியுங்கள். ஸ்பிகாட் கியர்பாக்ஸின் 130 மி.மீ. போருக்குள் நுழைகிறது. 130 ஜே6 என்றால் +0.014இலிருந்து -0.011 வரை, எதிர்ப் போர் எச்7 என்றால் 0இலிருந்து +0.040 வரை. ஆகவே அதிகபட்சத் தளர்வு 0.051 மி.மீ.; சில ஜோடிகளில் லேசான இறுக்கமும் வரும். போல்ட்டுகளை முறுக்கியதும் முகத்தோடு முகம் ஒட்டுகிறது. மோட்டார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும் என்பதை ஃபிளாஞ்சின் முகம் தீர்மானிக்கிறது. மையம் எங்கே என்பதை ஸ்பிகாட் தீர்மானிக்கிறது. 200 மி.மீ. வெளி விட்டம் எதையும் தொடுவதில்லை.

அதனால் முகம் ஏ, ஸ்பிகாட் பி. துளைகளின் பொசிஷன் முதலில் ஏ-க்கு, பிறகு பி-க்கு. ஸ்பிகாட்டை முதலாவதாகப் போடக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மையம்தானே முக்கியம் என்பது அவர்கள் வாதம். முழு உருளை ஒன்றை முதல் டேட்டமாக்கினால் அது நான்கு அசைவுகளை நிறுத்த வேண்டும்: இரண்டு நகர்வு, இரண்டு சாய்வு. 3.5 மி.மீ. உயரமுள்ள ஸ்பிகாட்டால் சாய்வைப் பிடிக்க முடியாது. சி.எம்.எம். மெஷினில் இதை அளந்து பார்த்தால் உடனே புரியும். ஸ்பிகாட்டின் மீது 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு வட்டங்களைத் தொட்டு அச்சு எடுக்கிறோம். இரண்டு வட்டங்களின் மையமும் எதிரெதிர்ப் பக்கமாக 0.002 மி.மீ. தவறினால் போதும், அச்சு 2 மி.மீ.க்கு 0.004 சாய்ந்துவிடும். 200 மி.மீ. ஃபிளாஞ்சில் அது 0.4 மி.மீ. சாய்வு. சாணை பிடித்ததுபோல் தட்டையாக இருக்கும் முகம், ரிப்போர்ட்டில் கோணலாகத் தெரியும். 150 மி.மீ. தள்ளி இருக்கும் பேரிங் போர் 0.3 மி.மீ. விலகியதாகக் காட்டும். பாகத்தில் பிழை இல்லை. டேட்டம் வரிசையில்தான் பிழை.

எதிர்மாறான பாகங்களும் இருக்கின்றன. விட்டத்தைவிட நீளம் கூடுதலாக உள்ள புஷ், வால்வ் கைடு, ஸ்பிண்டில் ஹவுசிங் போன்றவற்றில் நீண்ட போர்தான் சாய்வைப் பிடிக்கிறது. முகம் வெறுமனே ஓரிடத்தில் போய் முட்டி நிற்கிறது. அங்கே போர் முதலாவது, முகம் இரண்டாவது. முகமா போரா என்ற கேள்விக்கு என் விதி எளிது: போல்ட்டை முறுக்கும்போது எது எதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதோ, இழுப்பது முதல் டேட்டம்.

மூன்றாவது டேட்டத்துக்கு வருவோம். முகமும் ஸ்பிகாட்டும் சேர்ந்து ஐந்து அசைவுகளை நிறுத்திவிட்டன. சுழற்சி ஒன்று மிச்சம். நான்கு துளைகளும் சம இடைவெளியில் இருப்பதால், மோட்டார் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் ஃபிளாஞ்சைப் பொறுத்தவரை ஒன்றுதான். டெர்மினல் பாக்ஸ் மேலே வர வேண்டும் என்றால் மட்டும் சி தேவை. ஸ்டேட்டர் பாடியோடு சேரும் துளைகளில் ஒன்றையோ ஒரு சாவிப் பள்ளத்தையோ சி ஆக்கலாம். தேவை இல்லாத இடத்தில் மூன்று கட்டத்தையும் நிரப்பிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, கோணத்தை அளக்க ஒரு கூடுதல் ஃபிக்சரும், எதற்கும் பயன்படாத ஒரு ரிஜெக்‌ஷன் காரணமும்.

இங்கே ஐ.எஸ்.ஓ. டிராயிங் போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 5458இன் 2018 பதிப்பின்படி, நான்கு துளைகளையும் ஒரே கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் சி.இசட். என்ற குறி வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துளையும் தனித்தனி. சுழற்சி திறந்திருக்கும் நம் ஃபிளாஞ்சில் அதன் பொருள் விபரீதமானது: நான்கு துளைகளும் 165 மி.மீ. வட்டத்தின் மீது இருந்தால் போதும், 90 பாகை இடைவெளியை யாரும் கேட்கவில்லை! அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5இல் இந்தச் சிக்கல் இல்லை. நான்கும் ஒரு கூட்டம் என்றே அது எடுத்துக்கொள்கிறது. அதே தரத்தில், ஒரே டேட்டங்களை ஒரே வரிசையில் காட்டும் இரண்டு துளைக் கூட்டங்களும் சேர்ந்தே சோதிக்கப்பட வேண்டும், ஐ.எஸ்.ஓ.-வில் அதை விரும்பினால் தனியாக எழுத வேண்டும். காலையில் ஜெர்மன் வாடிக்கையாளருக்கும் மாலையில் அமெரிக்க வாடிக்கையாளருக்கும் பாகம் செய்யும் ஓசூர், அம்பத்தூர் பட்டறைகளில், டிராயிங்கின் தலைப்புக் கட்டத்தில் எந்தத் தரம் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்பது கட்டாயம்.

எவ்வளவு டாலரன்ஸ் என்பதும் டேட்டம் சரியாக இருந்தால்தான் கணக்கிட வரும். மோட்டாரில் 12 மி.மீ. துளை, கியர்பாக்ஸில் எம்10 டேப். போல்ட் ஒரு பக்கம் அசையாமல் நிற்கும் ஜோடி இது. துளைக்கும் போல்ட்டுக்கும் உள்ள 2 மி.மீ. இடைவெளியை இரு பாகங்களும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு 1 மி.மீ. பொசிஷன் என்று வைக்கலாம். ஸ்பிகாட் தளர்வுக்கு ஒரு துளி விட்டுவைத்து, டேப் துளையின் சாய்வை ஃபிளாஞ்சின் தடிமன் அளவுக்கு வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு இரு பாகத்துத் துளைகளும் அந்தந்தப் பாகத்தின் முகம், மைய விட்டம் இரண்டிலிருந்து குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். ஒரு பக்கம் 200 மி.மீ. வெளி விட்டத்திலிருந்து குறித்துவிட்டால், வெளி விட்டத்துக்கும் ஸ்பிகாட்டுக்கும் உள்ள மைய வேறுபாடு அப்படியே வந்து சேரும். அதற்கு டிராயிங்கில் கட்டுப்பாடே இருக்காது.

ஆனால் வெளி விட்டத்திலிருந்து குறித்த டிராயிங்கும் வருடக்கணக்கில் ஓடும். லேத்தில் ஒரே பிடிப்பில் வெளி விட்டத்தையும் ஸ்பிகாட்டையும் கடைந்தால் இரண்டும் ஒரே மையத்தில் இருக்கும். ஆபரேட்டரின் நல்ல பழக்கம் டிசைனரின் தவறை மறைத்துக்கொண்டே இருக்கும். என்றைக்காவது வேலையைப் பிரித்து, வெளி விட்டத்தை வேறொரு வெண்டரிடம் கொடுப்பார்கள். அன்றைக்குப் போல்ட் ஏறாது. எல்லா ரிப்போர்ட்டும் ஓ.கே. என்றே சொல்லும்.

பழைய டிரில்லிங் ஜிக் செய்தவர்கள் இந்தத் தவறைச் செய்ததில்லை. மோட்டார் ஃபிளாஞ்சுக்கான ஜிக் பிளேட்டை எடுத்துப் பார்த்தால், நடுவில் 130 மி.மீ. போர் இருக்கும். அது ஸ்பிகாட்டில் இறங்கி, முகத்தில் படிந்து உட்காரும். பிறகு புஷ் வழியாக நான்கு துளை. ஏ முகம், பி ஸ்பிகாட் என்று எந்தக் காகிதத்திலும் எழுதாமலேயே அந்த ஜிக் அதை நடத்திக் காட்டியது. சி.என்.சி. வந்ததும் ஜிக் போய்விட்டது. பாகத்தை எங்கே பிடித்தோமோ அங்கே ஜீரோ என்ற வழக்கம் வந்தது. நாம் இழந்த அந்த அறிவை டிராயிங்கில் எழுதிவைப்பதே இனி ஒரே வழி.

கார் சக்கரத்தில் இந்தக் கேள்வி இன்னும் சுவையானது. வோல்க்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டம், 57.1 மி.மீ. ஹப். சக்கரத்தின் நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார்ந்து மையத்தைப் பிடிக்கிறது. இதை வரையும்போது மவுண்டிங் முகம் ஏ, நடுத்துளை பி, ஐந்து துளைகளும் அவற்றிலிருந்து. கடையில் வாங்கும் அலாய் வீல்கள் பலவற்றில் நடுத்துளை வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். பல கார்களுக்கும் ஒரே வீலை விற்க வேண்டுமல்லவா! அங்கே ஹப் ரிங் போடாவிட்டால் மையத்தைப் பிடிப்பது நட்டுகளின் கூம்பு இருக்கைகள். அப்போது ஐந்து இருக்கைகளின் கூட்டமே பி ஆக வேண்டும். டயர் உட்காரும் ரிம் பகுதி அந்தக் கூட்டத்திலிருந்து அளக்கப்பட வேண்டும். நடுத்துளைக்குப் பெரிய டாலரன்ஸ் போதும். உருவத்தில் இரண்டு வீலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மையத்தைப் பிடிப்பவர் வேறு என்பதால் டிராயிங்கின் தலையெழுத்தே மாறிவிடுகிறது.

லாரி சக்கரத்தில் இந்த மாற்றம் வரலாறாகவே நடந்திருக்கிறது. 10 ஸ்டட், 335 மி.மீ. வட்டம், 281 மி.மீ. நடுத்துளை என்ற அதே அளவுகளில் இரண்டு முறைகள். பழைய ஜெர்மன் முறையில் உருண்டை முகமுள்ள நட்டுகள் துளையின் இருக்கையில் அமர்ந்து சக்கரத்தை மையப்படுத்தின. பின்னால் பரவிய ஐ.எஸ்.ஓ. முறையில் ஹப்பே மையப்படுத்துகிறது. தட்டை முக நட்டு இறுக்குவதற்கு மட்டும். நடுத்துளை, நட்டின் இருக்கை இரண்டையுமே இறுக்கமாக வைத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். எது பிடிக்கும், எது விட்டுக்கொடுக்கும் என்று டிசைனர் முடிவெடுத்து, விட்டுக்கொடுப்பதற்குத் தளர்வு தர வேண்டும்.

துளைகளே டேட்டமாகும் இடங்கள் இப்படி நிறைய. சிலிண்டர் ஹெட், பம்ப் கவர், கியர்பாக்ஸின் இரண்டு பாதிகள் எல்லாம் டவல் பின்களால் இடம் பிடிக்கின்றன. முகம் ஏ, ஒரு டவல் துளை பி, தூரத்து டவல் துளை சி. பி இரண்டு நகர்வுகளை நிறுத்தும். சி சுழற்சியை மட்டும். அதனால் சி-யை நீள்துளையாகவோ வைர முகப் பின்னுக்கு ஏற்றதாகவோ வைப்பார்கள். இரண்டு டவல்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. பின்னில் 0.03 மி.மீ. தளர்வு என்று வையுங்கள். டவல்கள் 60 மி.மீ. இடைவெளியில் இருந்தால், 300 மி.மீ. தள்ளிய போரில் அது 0.15 மி.மீ. ஆகப் பெருகும். டவல்களையே 300 மி.மீ. தள்ளி வைத்தால் 0.03ஓடு நின்றுவிடும்.

நம் டிராயிங்குகளில் தொடர்ந்து பார்க்கும் ஒரு விரயம் இங்கேதான். டவல் துளைக்கு 0.03 பொசிஷன் தேவை. சுற்றிலும் உள்ள எட்டு போல்ட் துளைகளுக்கு 0.5 தாராளமாகப் போதும். போல்ட் இறுக்குவதற்கு மட்டுமே, இடம் பிடிக்க அல்ல. ஒரே குறிப்பில் பத்துத் துளைக்கும் 0.05 என்று எழுதிவிடுகிறார்கள். போல்ட் துளைகளுக்கு அநாவசியமான செலவு. டவல் துளைகளுக்குப் போதாத துல்லியம்.

வார்ப்புப் பாகங்களில் ஒரு துளைக்கு இரண்டு கடமைகள் இருக்கின்றன. எதிர்ப் பாகத்தின் துளையோடு சேர வேண்டும். தன்னைச் சுற்றியுள்ள வார்ப்புப் பாஸின் நடுவிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து வெடிக்கும். முதல் கடமைக்கு மெஷின் செய்த முகமும் போரும் டேட்டம். இரண்டாவதற்கு வார்ப்புப் பரப்புகளே டேட்டம். மேடு பள்ளமான அந்தப் பரப்பில் எந்தப் புள்ளிகளில் தொட வேண்டும் என்று டேட்டம் டார்கெட் போட்டுக் காட்ட வேண்டும். வார்ப்பு டேட்டத்திலிருந்து முதல் மெஷினிங் டேட்டத்துக்கு ஒரே ஒரு முறை தாவுவதுதான் நல்ல ஃபவுண்டரி வழக்கம். அதன் பிறகு வார்ப்புப் பரப்புக்குத் திரும்பிப் போகும் ஒவ்வொரு அளவும் புதிய பிழையைக் கொண்டுவரும்.

கூட்டத்துக்குள் உள்ள உறவு முக்கியம், கூட்டம் மொத்தமாக எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை என்ற நிலையும் உண்டு. கண்ட்ரோல் பேனல் கதவில் மீட்டர் பொருத்தும் நான்கு துளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் தங்களுக்குள் 0.2க்குள் இருந்தால்தான் மீட்டர் ஏறும். கதவின் விளிம்பிலிருந்து மொத்தமாக ஒரு மி.மீ. தள்ளியிருந்தால் கண்ணுக்குக்கூடத் தெரியாது. இதற்காகவே இரண்டு அடுக்குப் பொசிஷன் கட்டம் இருக்கிறது: மேல் வரியில் விளிம்புகளிலிருந்து 1, கீழ் வரியில் முகத்துக்கு மட்டும் 0.2. இதைப் பயன்படுத்தத் தெரியாததால், 0.2-ஐ விளிம்பிலிருந்தே கேட்டு ஷீட் மெட்டல் கடைக்காரரை வாட்டும் டிராயிங்குகளுக்குக் கணக்கே இல்லை. ஷீட் மெட்டலின் விளிம்பு வெட்டிய இடம். அதைவிட நம்பகமான டேட்டம் அதே பஞ்சில் விழுந்த ஒரு துளை. கார் பாடியில் ஒரு வட்டத் துளையும் ஒரு நீள்துளையும் டேட்டமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வளையும் தகட்டுக்கு மூன்று புள்ளி போதாது, அதற்கு மேலும் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதையும் பாடி ஷாப்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

டேட்டத்தின் பக்கத்தில் வட்டத்துக்குள் எம் குறி போடுவதைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது. பி துளையோ ஸ்பிகாட்டோ அதிகபட்சப் பொருள் அளவிலிருந்து விலகியிருக்கும் அளவுக்குத் துளைக் கூட்டம் நகரலாம் என்பது அதன் பொருள். வெறும் கவர் தகட்டில் இது நல்ல சலுகை. போல்ட் ஏறினால் போதும், கோ-கேஜ் ஒன்றை வைத்து நொடியில் சோதிக்கலாம். பேரிங், சீல், கியர் ஆகியவற்றின் மையத்தைத் தாங்கும் பாகத்தில் இதைப் போடக் கூடாது. அந்தத் தளர்வு போல்ட்டில் தெரியாது, சத்தத்திலும் சூட்டிலும் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் அசெம்ப்ளியின் பக்கம். டேட்டம் எனக்குத்தான் என்று கேட்பவர்கள் இன்னும் இருவர்: பாகத்தைச் செய்பவர், அதை அளப்பவர். இருவருடைய வாதத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல டேட்டம் ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும், தொட எட்ட வேண்டும், பாகத்தின் அளவுக்கு ஏற்ற பெரிய பரப்பாக இருக்க வேண்டும். முகம் நடுவில் உப்பியிருந்தால் பாகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சாயும், அளவும் மாறும். அதனால் டேட்டம் ஏ-க்குத் தட்டைத்தன்மை கொடுக்காத பொசிஷன் டாலரன்ஸ் பாதி டிராயிங். மையக்கோட்டில் டேட்டம் எழுத்தை ஒட்டுவதும் இதே ரகம். ஒரே கோட்டில் ஐந்து விட்டங்கள் இருந்தால் அளப்பவர் எதைத் தொடுவார்? போல்ட் வட்டத்தின் மையப் புள்ளி என்று எழுதினால் அங்கே தொடப் பொருளே இல்லை. எழுத்து கையால் தொடக்கூடிய பரப்பில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு தரங்களும் உறுதியாக இருக்கின்றன.

அளப்பவரின் கோரிக்கையை இந்த அளவுக்கு ஏற்கலாம். மெஷினில் பிடிப்பதற்கு வசதி என்பதற்காக டிசைன் டிராயிங்கின் டேட்டத்தை மாற்றுவதை என்னால் ஏற்க முடியாது. பிராசஸ் இன்ஜினியருக்குத் தன் பிராசஸ் டிராயிங் இருக்கிறது. வெளி விட்டத்தில் பிடித்துத் துளை போட வேண்டியிருந்தால், வெளி விட்டத்துக்கும் போருக்கும் உள்ள 0.1 மி.மீ. மைய வேறுபாட்டைத் தன் டாலரன்ஸிலிருந்து கழித்துக்கொண்டு அதில் எழுதட்டும். அந்தக் கழிவு கட்டுப்படியாகவில்லை என்றால், ஒரே பிடிப்பில் போரையும் துளைகளையும் முடிக்க ஃபிக்சரை மாற்றட்டும். மெஷின் நாளை மாறும், வெண்டர் மாறுவார். ஸ்பிகாட் கியர்பாக்ஸில் உட்காருவது மாறாது.

விளிம்பிலிருந்து அளக்கும் பழக்கத்தின் வேர் எனக்குத் தெரிந்தவரை மார்க்கிங் டேபிளில் இருக்கிறது. சர்ஃபேஸ் பிளேட்டில் வேலையை நிறுத்தி, ஹைட் கேஜால் கோடு கீறி, பஞ்ச் அடித்து, டிரில்லிங் மெஷினுக்குக் கொண்டுபோன காலத்தில் விளிம்பைத் தவிர வேறு கைப்பிடி கிடையாது. இன்று வி.எம்.சி.யில் புரோபோ டயலோ வைத்துப் போரின் மையத்தைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். விளிம்பிலிருந்து அளக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. டிராயிங் போடும் கை மட்டும் இன்னும் அந்த மேசையிலேயே நிற்கிறது.

தரநூல்கள் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி, கல்லூரிகளுக்கென்றே எஸ்.பி. 46 என்ற டிராயிங் நூலை வைத்திருக்கிறது. டேட்டத்துக்கான ஐ.எஸ்.ஓ. 5459 இந்தப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டு முறை, 2011இலும் 2024இலும், திருத்தி எழுதப்பட்டிருக்கிறது, ஒய்14.5இன் கடைசிப் பெரிய பதிப்பு 2018. குறிகளைக் கற்றுக்கொள்ள எல்லாம் கிடைக்கிறது. வகுப்பில் தனிப் பாகம் ஒன்றைக் கொடுத்து அளவு போடச் சொல்கிறோம். அதன் எதிர்ப் பாகம் எது, அது எங்கே தொடுகிறது என்று மாணவருக்குத் தெரியாது. தெரியாதபோது அவர் இடது கீழ் மூலையைத்தான் பிடிப்பார், அவர்மீது குற்றமில்லை.

ஆகவே டிராயிங் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஃபிளாஞ்ச் ஒன்றை வரையக் கொடுக்கும்போது அது பொருந்தும் கியர்பாக்ஸ் முகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முடிந்தால் ஒரு பழைய மோட்டாரையே மேசையில் வைத்து, நான்கு போல்ட்டையும் மாணவரைக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். தொழிலில் இருப்பவர்களிடம் இன்னொன்று: டிராயிங்கை ரிலீஸ் செய்யும் முன் எதிர்ப் பாகத்தின் டிராயிங்கையும் பக்கத்தில் விரித்து, இரண்டிலும் ஏ-யும் பி-யும் ஒன்றையொன்று தொடும் பரப்புகளில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், டாலரன்ஸ் எண்ணைத் தொடுவதற்கு முன் அதைத் திருத்துங்கள்.